உழவு இயந்திரமும் திருத்தும் உரிமையும்

1837ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலே, கிராண்ட் டிட்டூர் என்னும் சிற்றூரில், ஜோன் டியர் என்ற கொல்லர் ஒருவர் பட்டறை வைத்திருந்தார். கிழக்கேயுள்ள வேர்மொன்ற் மாநிலத்திலிருந்து முந்திய ஆண்டிலேதான் அவர் அங்கு வந்து குடியேறியிருந்தார். குதிரைகளுக்கு லாடம் அடிப்பதும், உடைந்த கருவிகளைச் செப்பனிடுவதும் அவர் தொழில். அப்பகுதி உழவர்கள் கிழக்கிலிருந்து கொண்டுவந்த வார்ப்பிரும்புக் கலப்பைகள் அங்குள்ள பசைமிக்க கரிய மண்ணுக்கு ஏற்றனவாக இல்லை. சிறிது தூரம் உழுவதும், நின்று கலப்பையில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி எறிவதும், மறுபடியும் உழுவதுமாக அவர்கள் அல்லற்பட்டனர். மரம் அரியும் ஆலையொன்றில் உடைந்துபோய்க் கிடந்த உருக்கு வாளலகு ஒன்றை டியர் எடுத்தார். அதனைக் காய்ச்சி வளைத்து, மண் ஒட்டாது வழுக்கி விழும்படியான கலப்பை ஒன்றைச் செய்தார். இன்று உலகின் மிகப் பெரிய உழவு இயந்திர நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கும் ஜோன் டியர் கம்பனி, உடைந்த பொருளிலிருந்து பிறந்த அந்தக் கலப்பையிலிருந்தே வளர்ந்தது.

அந்தக் கம்பனியின்மீது 2025ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி அமெரிக்க மத்திய அரசின் வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. இலினோய், மினசோட்டா ஆகிய இரு மாநில அரசுகளும் உடன் சேர்ந்துகொண்டன. உழவர் தம் இயந்திரங்களைத் தாமே திருத்தவும், தாம் விரும்பிய தொழிலாளியிடம் கொடுத்துத் திருத்தவும் இயலாதவாறு செய்து, கம்பனியின் முகவர்களிடமே வந்து நிற்கும் நிலையை உண்டாக்கி, அதனாற் போட்டியை ஒழித்துத் திருத்தற் செலவை உயர்த்தியது என்பது குற்றச்சாட்டு. கம்பனி அதனை மறுத்தது. கொல்லன் உலையில் தோன்றிய ஒரு நிறுவனம், உழவனை ஊர்க் கொல்லனிடம் போகவிடாமல் தடுக்கின்றது என்ற பழியோடு நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தது எவ்வாறு? இன்று பல நாடுகளிலும் பேசப்படும் ‘திருத்தும் உரிமை’ என்னும் அரசாங்கக் கொள்கை இன்னதென்பதை அறிய, இந்தக் கதையைக் காட்டிலும் நல்ல வழி வேறில்லை.

டியர் கம்பனி கலப்பையிலிருந்து உழவு இயந்திரத்துக்கு வந்தது 1918ஆம் ஆண்டில். அயோவா மாநிலத்து வாட்டர்லூ நகரில் எந்திரங்கள் செய்துவந்த கம்பனியொன்றை அது அவ்வாண்டில் விலைக்கு வாங்கியது. பின்னர் 1960 வரை அது பெரும்பாலும் விற்றவை இரண்டே சிலிண்டர்கள் கொண்ட எளிய இயந்திரங்கள். அவை விட்டு விட்டு எழுப்பும் ஒலியைக் கேட்டே, வருவது இன்ன இயந்திரமென்று தூரத்தில் நிற்பவரும் சொல்லிவிடுவர். சில ஸ்பானர்களும், ஒரு சுத்தியலும், எண்ணெய்க்கறை படிந்த ஒரு விளக்க நூலும் வீட்டில் இருந்தால், அதன் நோயை உழவனே கண்டுபிடித்தான். தன்னால் இயலாதபோது ஊரிலுள்ள பட்டறைக்காரனை அழைத்தான். இயந்திரத்தின் உள்ளே இருந்தது முழுவதும் கண்ணுக்குத் தெரிவதாகவும் கைக்கு எட்டுவதாகவும் இருந்தது. திருத்தும் உரிமை என்று ஒன்றை எவரும் அக்காலத்திற் கேட்கவில்லை. மூச்சு விடும் உரிமையை எவரும் கேட்பதில்லை அல்லவா?

இன்றைய உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வேறு இனத்தைச் சேர்ந்தவை. எரிபொருள் எவ்வளவு செல்கின்றது, புகையில் என்ன கலந்துள்ளது, எண்ணெயின் வெப்பம் என்ன, பொறியின் அமுக்கம் என்ன என்பவற்றை அளந்து அறிவிக்கும் சிறு உணர்கருவிகள் அவற்றின் உடலெங்கும் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவை சொல்வதைக் கேட்டு ஆணையிடுவன பல சிறு கணினிகள். அந்தக் கணினிகளை நடத்துவது மென்பொருள் எனப்படும் கட்டளைத் தொகுதி. இதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஓர் ஆள் ஒரு நாளில் உழும் நிலம் பெருகியிருக்கின்றது. எரிபொருள் மிஞ்சுகின்றது. புகையின் நஞ்சு குறைந்திருக்கின்றது. ஆனால் இயந்திரம் நோயுற்றால், நோய் இன்னதென்று அது தன் உடையவனிடம் தெளிவாகச் சொல்வதில்லை. திரையில் ஓர் எண் தோன்றுகின்றது. அந்த எண்ணின் முழுப் பொருளையும் அறிந்து, மாற்றிய பாகத்தைப் புதிய கணினிக் கட்டளையோடு இணைத்து உயிர்ப்பிப்பதற்குத் தனியான ஒரு மென்பொருள் வேண்டும். அது முகவரிடம் மட்டுமே முழுமையாக இருந்தது என்பதே ஆணைக்குழுவின் வாதம்.

புகையைத் தூய்மை செய்யும் பகுதியிலுள்ள உணர்கருவி ஒன்று கெட்டுப்போனதாக வைத்துக்கொள்வோம். பொறியில் ஒரு குறையும் இல்லை, சில்லுகள் நன்றாக இருக்கின்றன, எரிபொருளும் நிறைந்திருக்கின்றது. ஆயினும் கணினி தன் விதிப்படி இயந்திரத்தின் வலுவைக் குறைத்துவிடும். ஆமைபோல் ஊர்ந்து கொட்டகைக்குத் திரும்பலாமேயன்றி அறுவடை செய்தல் இயலாது. முகவரின் தொழிலாளி கணினியோடு வந்து சேர வேண்டும். அவர் இருப்பது நெடுந்தூரத்தில். அவரை எதிர்பார்த்திருப்போர் பலர், ஏனெனில் அறுவடைக் காலம் எல்லாருக்கும் ஒன்றாகவே வருகின்றது. கோதுமை முற்றி நிற்க, மேற்கே மழை முகில் திரள, இரண்டு நாள் காத்திருப்பதென்பது ஓர் ஆண்டின் உழைப்பைப் பந்தயம் வைப்பது போன்றது. உடையவன் பாராத பயிர் பாழ் என்பது நம் பழமொழி. இங்கோ உடையவன் பார்த்துக்கொண்டே நிற்கின்றான்; பயிர் பாழாகின்றது.

இந்தப் பூட்டுக்குச் சட்டமே காவல் நின்றது என்பதுதான் வியப்புக்குரியது. 1998ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரசு பதிப்புரிமை பற்றிய சட்டமொன்றை நிறைவேற்றியது. திரைப்படங்களையும் இசைத்தட்டுகளையும் களவாகப் படியெடுப்போரைத் தடுப்பது அதன் முக்கிய நோக்கம். பதிப்புரிமையுள்ள ஒன்றைக் காப்பதற்கு இடப்பட்ட மின்னணுப் பூட்டை உடைப்பது குற்றம் என்று அது விதித்தது. மென்பொருளும் பதிப்புரிமை பெற்றதே. ஆகவே பாட்டுக்காகச் செய்த சட்டம் கலப்பைக்கும் வந்து பொருந்திற்று. தன் சொந்த இயந்திரத்தின் கணினியைத் திறந்து பார்க்கும் உழவன், கள்ளத்தனமாகப் பாட்டுப் படியெடுப்பவனோடு ஒரே வரிசையில் நிற்கவேண்டியதாயிற்று. இதற்கு விலக்குக் கேட்டுச் சிலர் பதிப்புரிமைக் காரியாலயத்துக்கு விண்ணப்பித்தபோது, டியர் கம்பனி அதனை எதிர்த்து ஒரு வாதத்தைச் சமர்ப்பித்தது. வாங்குபவருக்கு இயந்திரம் சொந்தமாகலாம். அதிலுள்ள மென்பொருளைப் பொறுத்தவரை, இயந்திரத்தின் ஆயுட்காலம் வரை அதனை இயக்குவதற்கான அனுமதி மட்டுமே அவருக்கு உண்டு என்பது அதன் சாரம். சட்ட நுணுக்கத்தில் இது பொருந்தக்கூடும். ஆயினும் பெருந்தொகை கொடுத்து வாங்கிய பொருளுக்குத் தான் உடையவனா, குத்தகைக்காரனா என்ற ஐயம் உழவன் மனத்தில் எழுந்தது இந்த வாதத்தினாலேதான்.

2015ஆம் ஆண்டில் விலக்கு வழங்கப்பட்டது. திருத்துவதற்காக உடையவர் தம் வாகனத்தின் மின்னணுப் பூட்டை நீக்கலாம் என்றாயிற்று. 2018இல், உடையவருக்காகப் பிறர் அதனைச் செய்வதற்கும் வழி விடப்பட்டது. கேட்பதற்கு இது பெரிய வெற்றிபோலத் தோன்றும். ஆனால் பூட்டை உடைக்கும் கருவியைச் செய்து விற்பதற்கு இருந்த தடை அப்படியே நின்றது. கதவை உடைத்துக்கொள்ளலாம், கடப்பாரையை எவரும் விற்கக்கூடாது என்பது போன்ற நிலை. உழவர் எல்லாரும் கணினி வல்லுநர் அல்லர். அமெரிக்க உழவர் சிலர் உக்ரேன் நாட்டிலிருந்து இணையவழி வந்த கள்ள மென்பொருளை வாங்கித் தம் இயந்திரங்களில் ஏற்றுகின்றனர் என்று 2017ஆம் ஆண்டிற் செய்திகள் வெளியாயின. வேறு சிலர் கணினியில்லாத பழைய இயந்திரங்களைத் தேடிப் போயினர். நாற்பது ஆண்டுப் பழமையான இயந்திரங்கள் ஏலத்தில் நல்ல விலைக்குப் போவதாக 2020இற் பத்திரிகைகள் எழுதின.

ஆகவே பூட்டை உடைக்க அனுமதிப்பது போதாது. செய்தவரே திறவுகோலைக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் விதித்தாலன்றிப் பயனில்லை. இந்த எண்ணம் முதலில் உருப்பெற்றது மோட்டார்க் கார்களின் விடயத்தில். மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் 2012ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த பொதுமக்கள் வாக்கெடுப்பில், கார்க் கம்பனிகள் தம் முகவர்களுக்குக் கொடுக்கும் திருத்தல் விவரங்களையும் கருவிகளையும் கார் உடையவர்க்கும் தனிப்பட்ட பட்டறைகளுக்கும் நியாயமான விலைக்குக் கொடுக்கவேண்டும் என்ற பிரேரணைக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 86 பேர் ஆதரவாக வாக்களித்தனர். ஐம்பது மாநிலங்களுக்கு ஐம்பது சட்டங்கள் வந்துவிடுமோ என்று அஞ்சிய கார்க் கம்பனிகள், 2014இல் ஓர் உடன்பாட்டின் மூலம் அந்த ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் விரித்தன. சிறு மாநிலம் ஒன்றின் வாக்குச்சீட்டு ஒரு பெரும் நாட்டின் வழக்கத்தையே மாற்றிற்று.

உழவு இயந்திரக் கம்பனியும் இந்தப் பாடத்தை மறக்கவில்லை. ஆயினும் அது சட்டம் வருவதற்கு முன்னரே உடன்பாட்டைத் தேடிற்று. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் மிகப் பெரிய உழவர் சங்கக் கூட்டமைப்போடு டியர் கம்பனி ஓர் உடன்படிக்கை செய்தது. கருவிகளும் நூல்களும் மென்பொருளும் நியாயமான நிபந்தனைகளோடு கிடைக்கும் என்று கம்பனி வாக்களித்தது. அதற்கு ஈடாக, இவ்விடயத்திற் புதிய சட்டங்களுக்கு ஆதரவு தருவதில்லை எனக் கூட்டமைப்பு இணங்கியது. வாக்குறுதியை மீறினால் தண்டிப்பதற்கு நீதிமன்றமும் இல்லை, அதிகாரியும் இல்லை என்று குறை கூறியோர் பலர். அவர்கள் கூறியதில் நியாயம் இருந்தது. கொடுப்பவன் விரும்பும்வரை கிடைப்பது சலுகை. அதனை உரிமை என்று சொல்லல் ஆகாது.

கொலராடோ மாநிலம் அந்த உடன்படிக்கையைக் கண்டு தயங்கவில்லை. அங்கே இதற்கு முன்னரே ஒரு சட்டம் பிறந்திருந்தது. மின்சாரத்தால் இயங்கும் சக்கர நாற்காலியில் வாழும் ஒருவருக்கு அது பழுதுபட்டால், உழவனுக்குப் பயிர் போவதுபோலப் பொருள் நட்டம் மட்டும் அன்று. படுக்கையை விட்டு எழும் வாழ்வே நின்றுவிடுகின்றது. சிறு பாகம் ஒன்றுக்காகவும், மென்பொருளில் ஒரு சிறு மாற்றத்துக்காகவும் வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் காத்திருந்தோர் சட்டமன்றத்தின்முன் வந்து தம் அனுபவத்தைச் சொல்லினர். 2022ஆம் ஆண்டிற் சக்கர நாற்காலிச் சட்டம் நிறைவேறியது. உழவர் தம் கோரிக்கையோடு வந்தபோது, அச்சட்டத்தையே விரித்து எழுதுவது எளிதாயிற்று. 2023 ஏப்ரிலில் ஆளுநர் கையொப்பமிட, 2024 ஜனவரி முதலாம் திகதி உழவுக் கருவிகளுக்கான திருத்தும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க மாநிலங்களுள் இத்தகைய சட்டம் செய்தது கொலராடோவே முதலாவதாகும். உதிரிப்பாகம், கருவி, விளக்க நூல், மென்பொருள் ஆகியவற்றை உடையவர்க்கும் தனிப்பட்ட திருத்துநர்க்கும் கம்பனிகள் நியாயமான நிபந்தனைகளோடு வழங்கவேண்டும் என்று அது விதிக்கின்றது. கம்பனியின் தொழில் இரகசியங்களை வெளியிடுமாறு அது கட்டாயப்படுத்தவில்லை. பாதுகாப்புக்காகவும் புகைக் கட்டுப்பாட்டுக்காகவும் உள்ள ஏற்பாடுகளைக் குலைப்பதற்கும் இடம் தரவில்லை.

கம்பனிகளின் பக்கத்தையும் கேட்பது முறை. கணினியைத் திறந்துவிட்டால் உழவர் சிலர் புகைக் கட்டுப்பாட்டை நீக்கி இயந்திரத்தின் வலுவைக் கூட்ட முனைவர் என்பது அவர்களது முதல் அச்சம். அது வீணான அச்சம் அன்று. அவ்வாறு செய்தவர்கள் உண்டு. ஆனால் 2023 ஓகஸ்டில் மத்திய அரசின் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம் எழுதிய கடிதமொன்று, தூய காற்றுச் சட்டத்தைக் காரணம் காட்டி உடையவர் திருத்துவதைத் தடுக்க முடியாது என்பதைத் தெளிவாக்கியது. இரண்டாவது அச்சம், தீயவர் கைக்கு இயந்திரத்தின் கட்டுப்பாடு போய்விடும் என்பது. 2022ஆம் ஆண்டில் உக்ரேனின் மெலித்தோப்போல் நகரிலிருந்து படையினர் கவர்ந்து சென்ற உழவு இயந்திரங்களை, தூரத்திலிருந்தே இயங்காமற் செய்துவிட்டதாகச் செய்திகள் கூறின. பலர் அதனைப் புகழ்ந்தனர். அதே செய்தியைப் படித்த உழவர் சிலருக்கு வேறொரு எண்ணம் வந்தது: கள்வனுடைய கையில் இயந்திரத்தை நிறுத்தவல்ல பொத்தான், உடையவனுடைய கையிலும் அதனை நிறுத்தவல்லதே.

உழவு இயந்திரத்திற் கண்ட இதே பிணி, வீட்டிலுள்ள சிறு பொருள்களையும் பற்றியிருக்கின்றது. கைத்தொலைபேசியின் பற்றரியையோ கண்ணாடியையோ மாற்றினால், புதிய பாகத்தைக் கருவி ஏற்க மறுக்கும்படி ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இரகசிய எண் கொடுத்துப் பிணைத்துவைப்பது வழக்கமாயிற்று. ஒறிகன் மாநிலம் 2024இற் செய்த சட்டம் இந்தப் பிணைப்பைத் தடுத்தது. 2025ஆம் ஆண்டு முதல் விற்கப்படும் கருவிகளுக்கு அது செல்லும். கலிபோர்ணியாவின் சட்டம் காலத்தைக் குறித்தது. 100 டொலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுக் கருவிகளின் உற்பத்தி நின்ற பின்னரும் ஏழு ஆண்டுகளுக்கு உதிரிப்பாகமும் விவரமும் கிடைக்கவேண்டும். 50 முதல் 100 டொலருக்கு உட்பட்டவற்றுக்கு மூன்று ஆண்டுகள். நியூயோர்க்கின் சட்டமோ வழியிலேயே மெலிந்துபோயிற்று. 2022 டிசெம்பரில் ஆளுநர் கையொப்பமிடுமுன் சேர்த்த திருத்தங்களால், தனிப் பாகத்துக்குப் பதிலாகப் பல பாகங்கள் சேர்ந்த தொகுதியை விற்கலாம் என்று கம்பனிகளுக்கு இடம் கிடைத்தது. ஒரு திருகாணிக்காக முழுக் கதவையும் வாங்கச் சொல்வது போன்றது இது. சட்டத்தின் பெயர் ஒன்றாயிருக்க, அதன் வலு மாநிலத்துக்கு மாநிலம் எவ்வளவு வேறுபடும் என்பதற்கு நியூயோர்க்கும் ஒறிகனும் நல்ல சான்றுகள்.

ஐரோப்பிய நாடுகள் வேறு வழியாக வந்தன. உழவு இயந்திரம் செய்வோர் திருத்தல் விவரங்களைத் தனிப்பட்ட பட்டறைகளுக்கும் கொடுக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2013ஆம் ஆண்டிலேயே விதித்திருந்தது. சலவை இயந்திரத்தின் உதிரிப்பாகங்கள், அந்த மாதிரியின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்ததிலிருந்து பத்து ஆண்டுகள் வரை கிடைக்கவேண்டும் என்ற விதி 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 2024 யூனில் இயற்றிய கட்டளையொன்று, உத்தரவாதக் காலம் முடிந்த பின்னரும் குறித்த சில வீட்டுப் பொருள்களை நியாயமான விலையில் திருத்திக் கொடுக்கும் கடமையை உற்பத்தியாளர்மீது சுமத்திற்று. முன்னர் வேறொருவர் திருத்தியது என்ற ஒரே காரணத்துக்காக அவர் மறுக்க முடியாது. இவற்றை நடைமுறைப்படுத்தத் தொடங்கவேண்டிய நாளாக 2026 யூலை 31ஆம் திகதி உறுப்பு நாடுகளுக்குக் குறிக்கப்பட்டது.

இவை எல்லாவற்றினூடும் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் சிக்கல் ஒன்று உண்டு. அதுதான் விலை. பாகத்தை விற்கின்றோம் என்று சொல்லிவிட்டு, புதிய பொருளின் விலையிற் பாதியை அதற்குக் கேட்டால் உரிமை ஏட்டளவில் நின்றுவிடும். ‘நியாயமான விலை’ என்று பெரும்பாலான சட்டங்கள் எழுதுகின்றன. நியாயம் எவ்வளவு என்று எழுதுவதில்லை. இதனைப் பிரான்சு ஓரளவுக்கு உணர்ந்தது. 2021 ஜனவரி முதல் அங்கே கைத்தொலைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம், புல்வெட்டும் இயந்திரம் ஆகியன விற்கும் கடைகளில், அவற்றைத் திருத்துவது எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை புள்ளி என்று எழுதி வைக்கவேண்டியதாயிற்று. விளக்க நூல் உண்டா, கழற்றிப் பூட்டுவது எளிதா, பாகம் கிடைக்குமா என்பவற்றோடு, பாகத்தின் விலை என்ன என்பதற்கும் அதிற் புள்ளி உண்டு. விலைக்கு அரசாங்கம் வரம்பு கட்டவில்லை; ஆனால் வாங்குமுன்பே வாங்குபவர் கண்ணில் அது படுமாறு செய்தது.

அமெரிக்க உழவனுக்கும் இதே கேள்விதான் எஞ்சியிருக்கின்றது. வழக்குத் தொடரப்பட்ட 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், டியர் கம்பனி உழவர்க்கும் தனிப்பட்ட பட்டறைகளுக்கும் என ஒரு புதிய மென்பொருட் சேவையை வெளியிட்டது. இயந்திரத்தின் நோயை அறியவும், மாற்றிய பாகத்தின் கணினியை உயிர்ப்பிக்கவும் அது உதவும் என்று கம்பனி அறிவித்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் கொடுக்கவே முடியாது என்று வாதிட்ட ஒன்றில் பெரும்பகுதி இவ்வாறு வயலுக்கு வந்தது. அதற்கான கட்டணம் ஓர் இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் 195 டொலர் முதல். கொட்டகையில் ஐந்து இயந்திரங்கள் நிற்கும் உழவன் ஐந்துக்கும் தனித்தனியே, ஒவ்வோர் ஆண்டும், அவற்றுள் ஒன்றேனும் பழுதுபடாத ஆண்டிலும், அதனைச் செலுத்தவேண்டும்.